அடைப்பானா, தொண்டை அடைப்பானா?

கால்நடை நோய் ஆய்வகத்தில் நோயாளி வாயைத் திறப்பதே இல்லை. கூட வருகிறவர்கள் மூடுவதே இல்லை. எங்கள் ஓசூர்ப் பக்கம் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசுவார்கள். நமக்கு வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் எதிலும் சொல்ல மாட்டார்கள். என்னைப் போலவே மைக்ராஸ்கோப்பில் கண்ணைத் தேய்த்த சக மருத்துவர்களான உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை.

டிபன் பாக்ஸில் ஈரல்

நாட்றாம்பாளையத்து ரீட்டா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். செத்த ஆட்டின் ஈரலை ஷிப்டுக்குப் போகும் வழியில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். டப்பாவைத் திறந்தால் எலுமிச்சை சாதம். டப்பா மாறி, ஈரல் கேன்டீனுக்குப் போய்விட்டது! பதறிப்போய் போன் செய்தேன். அவர் பதறவே இல்லை.

"பயப்படாதீங்க மேடம், எங்க வீட்டுக்காரரு சமைச்சதுன்னு நெனச்சு நானே தொடல."

வெறும் அடைப்பான்

அந்த வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். சாயங்காலம் நன்றாக மேய்ந்த பசு, விடியும்போது செத்துக் கிடக்கிறதாம். மூக்கில் கருத்த ரத்தமாம். "அடைப்பான்னு சொல்றாங்க மேடம்" என்றார்.

தொண்டை அடைப்பான் என்றால் மாட்டோடு போய்விடும். வெறும் அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ். அறுத்தவரையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும், கிருமி அந்த மண்ணிலேயே வருடக்கணக்கில் தங்கிவிடும். இந்தப் பக்கத்தில் இரண்டையும் 'அடைப்பான்' என்றே சுருக்கிவிடுவார்கள். "கத்தி வெக்காதீங்க, கிட்டவே போகாதீங்க!" என்று கத்தினேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"எந்த அடைப்பான்னு தெரியணுமேன்னுதான் மேடம் தொண்டைய அறுத்துப் பாத்தன், கத்தி வெரல்லயும் பட்டுடுச்சு."

நீலச் சாயம்

அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். அங்கிருந்த டாக்டரிடமும் பேசினேன். மாட்டின் காது நுனி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, அந்தப் பகுதி கால்நடை மருத்துவர் அனுப்பி வைத்தார். ரீட்டா கம்பெனி யூனிஃபார்மோடு எங்கள் ஆய்வக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் டெக்னீஷியன் நாகராஜ் நீலச் சாயம் ஏற்றிக் கொடுத்தார். கிருமி பொடிப்பொடியாகத் தனித்துத் தெரிந்தால் தொண்டை அடைப்பான். குச்சிகுச்சியாக, வரிசையாக, இளஞ்சிவப்பு உறையோடு தெரிந்தால் மற்றது. தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். தெரிந்தது. நாகராஜைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்களே போய் சொல்லுங்க மேடம், அந்தம்மாகிட்ட என்னால மூணு பாஷையிலயும் சொல்ல முடியாது."

மறுபடி அதே நம்பர்

ஆரோக்கியசாமியின் விரலில் கரும்புண் வந்தது. மருந்து முந்திக்கொண்டதால் ஆள் பிழைத்தார். பசுவைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தார்கள். ஊர் மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள்.

சில மாதம் கழித்து அவர் நம்பர் மறுபடி போனில் வந்தபோது எடுக்கவே பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு மாடு செத்துக் கிடக்கிறதாம். அந்த மாட்டுக்காரர் அதன் தொண்டையை அறுத்துப் பார்க்கப் போனாராம். "ஐயோ, அறுத்துட்டாரா?" என்றேன்.

"என் வெரலக் காட்டி கத்தியப் புடுங்கி வெச்சிருக்கன் மேடம்; எந்த அடைப்பான்னு நீங்க சொல்ற வரைக்கும் குடுக்க மாட்டன்."

இத்தனை வருட வேலையில் நான் கண்டுபிடித்த நோய்கள் எவ்வளவோ. தடுத்ததென்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கத்திதான் இருக்கிறது, அதையும் பிடுங்கியது நான் இல்லை.