கடைசித் தாளின் எதிர்ப்பக்கம்

அம்மாவுக்கு நீல ஐ.சி., அதாவது நீல அடையாள அட்டை, வாங்கியே தீருவது என்று நான் ஒற்றைக்காலில் நின்ற காலம் அது. எழுபதுகளின் கடைசி. அம்மாவிடம் இருந்தது சிவப்பு. நீலம் வைத்திருந்தால் குடிமகள். சிவப்பு என்றால் வேலை செய்வதற்கே பெர்மிட் எடுக்கவேண்டும். சுங்கை சிப்புட் பக்கத்தில் முப்பது வருடம் ரப்பர் மரம் சீவிய அம்மா, முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு பலகை ஆலையில் கூட்டிப் பெருக்கினார். பெர்மிட் இல்லையென்றால் அதுவும் இல்லை. எனக்கு அப்போது முப்பது வயது, ஈப்போவில் லாரிக் கம்பெனி ஒன்றில் பில் எழுதுகிறவள், மூக்கு நுனியில் கோபம்.

இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கிறது? வீட்டைத் தலைகீழாகப் புரட்டியபோது பெட்டியின் அடியில் ஒரு கும்மிப் பாட்டுப் புத்தகம் கிடைத்தது. பினாங்கில் அச்சடித்தது. அம்மாவின் அப்பா பாட்டுக்காரர். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எழுதப் படிக்கத் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவர். தோட்டத்தில் வெள்ளைத் தாள் ஏது? நல்லது கெட்டது எல்லாவற்றையும் புத்தகத்தின் கடைசித் தாளில்தான் எழுதி வைப்பார்கள். அதில் மங்கலாக ஒரு வரி இருந்தது. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை விடியலில், இந்தத் தோட்டத்து லயத்தில் பெண் குழந்தை பிறந்தது என்று. பெயர் இல்லை. வருடம் அம்மாவின் ஐ.சி.யில் உள்ள வயதோடு இரண்டு மூன்று முன்னே பின்னே வந்தது. தோட்டத்தில் யாருக்குத்தான் வயது சரியாக இருந்தது?

“இதோ பாருங்கம்மா, நீங்க இங்கதான் பொறந்திருக்கீங்க!” என்று கத்தினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “இருக்கட்டும்லா” என்றார். அவ்வளவுதான்.

பதிவு அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். புத்தகம் எவ்வளவு பழையது, எழுத்து எவ்வளவு பழையது என்று விவரம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் மேலதிகாரியிடம் வைத்துப் பார்க்கிறேன் என்றார். அன்று இரவே உட்கார்ந்தேன். மங்கலாக இருந்தால் யார் படிப்பார்கள்? நீல பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, ஒவ்வோர் எழுத்தின் மேலும் பிசகாமல் எழுதினேன். பில் எழுதிப் பழகிய கை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஈப்போ பழைய டவுனில், ஒரு காப்பிக்கடையின் மாடியில், பழைய புத்தகங்களை வாங்கி விற்கும் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஊருக்குத் திரும்பிய துரைமார்கள் விட்டுச் சென்ற புத்தகங்கள், நிலப்படங்கள் எல்லாம் சுவர் முழுக்க. அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் படித்த யாழ்ப்பாணத்துப் பெண் என்றால் எங்கள் வாயில் ‘டீச்சர்’ என்றுதான் வரும்.

புத்தகத்தைத் திறந்து கடைசித் தாளைக் காட்டப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், தைத்த கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினார், முதுகைத் தொட்டுவிட்டு, “பால் வைச்சு ஒட்டியிருக்கு” என்றார். கிழிந்த புத்தகத்தை ரப்பர் பால் தடவி ஒட்டுவது எங்கள் தோட்டத்து வழக்கம். அது இவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டே வந்தார். எட்டிப் பார்த்தேன். அத்தனையும் குறைகள். இந்தப் பக்கம் இல்லை, இங்கே பூச்சி அரித்தது, இங்கே மஞ்சள் கறை.

“நல்லதா ஒண்ணும் எழுத மாட்டீங்களா டீச்சர்?”

“குறையைத்தான் முதல் எழுதோணும் பிள்ளை. அப்பதான் மிச்சத்தை ஆக்கள் நம்புவினம்.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வந்த காரியத்தைவிட்டு இந்த அம்மாள் எங்கே போகிறார்?

கடைசித் தாளுக்கு வந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இதை ஆர் எழுதினது?”

“எங்க தாத்தா.”

“அதுக்கு மேல எழுதினதைக் கேட்கிறன்.”

திருதிருவென்று விழித்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. பழைய எழுத்து முழுக்க என் பேனாவின் அடியில் போய்விட்டதாம். நேற்று எழுதியது என்று எவனும் சொல்லலாம், தன்னால் இல்லையென்று எழுத முடியாது என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சொல்ல வெட்கமில்லை, அங்கேயே அழுதேன்.

“கொஞ்சம் இரும்” என்றவர் எதிர்ப்பக்கத்தை, அதாவது பின்னட்டையின் உட்புறத்தை, விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். எனக்கு அது வெறும் பழுப்பு அழுக்கு. லயத்துக் கூரை ஒழுகிப் புத்தகம் எப்போதோ நனைந்திருக்கிறது, நனைந்த மை எதிர்த் தாளில் ஒட்டியிருக்கிறது என்றார். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை அதன் எதிரே நிறுத்தினார். இடவலம் மாறிக் கிடந்த அழுக்கு, கண்ணாடிக்குள் தாத்தாவின் எழுத்தாக நின்றது. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. என் பேனா படாத எழுத்து!

சந்தோஷத்தில் துள்ளப் போனவளை அவர் விரல் நிறுத்தியது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. கடைசித் தாளில் அது தண்ணீரோடு போய்விட்டிருக்கிறது. இங்கே மட்டும் மிச்சம். அவர் மெல்ல வாசித்தார்: “மேற்படி குழந்தை ஏழாம் மாதம் காய்ச்சலில் தவறிவிட்டது.”

“எங்கம்மா உயிரோட இருக்காங்களே டீச்சர்! காலையில இடியப்பம் அவிச்சுக் குடுத்தாங்க.”

“அது எனக்குத் தெரியாது. தாளில இருக்கிறதைத்தான் நான் சொல்லுவன்.” பேனாவைக் கையில் எடுத்து, “வேண்டாமெண்டால் எழுதமாட்டன். எழுதினால் ரெண்டு வரியும் எழுதுவன்” என்றார்.

ஏன் எழுதச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எழுதி, கையெழுத்திட்டு, மடித்துக் கொடுத்தார். பஸ்ஸில் அதைப் பிரிப்பதும் மடிப்பதுமாக வந்தேன். தாத்தா தவறாக எழுதிவிட்டாரா? செத்துப் பிழைத்த குழந்தையா? ஒருவேளை வேறு யாருடைய குழந்தையோ? அப்படியென்றால் அம்மா யார், எங்கே பிறந்தார்? சுங்கை சிப்புட் வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், கண்டக்டர்தான் இறக்கிவிட்டார்.

அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர். தாளைப் பிரித்து நான் இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார்.

“அது என் தங்கச்சி” என்றார். “நான் ஊர்லேர்ந்து கப்பல்ல வந்தவ. ரெண்டு வயசு. எங்கம்மா இடுப்புல உக்காந்து வந்தேனாம். அவ இங்க பொறந்தா, இங்கயே போயிட்டா.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “தெரிஞ்சிக்கிட்டே ஏம்மா சும்மா இருந்தீங்க? அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ பேனாவ வச்சிக்கிட்டு அவ்ளோ ஆசையா எழுதுனே” என்றார் அம்மா. “பாத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் எனக்கும் இங்கதான் பொறந்த மாதிரி இருந்துச்சு.”