சம்பந்திக்கு நான் கொடுத்த பட்டம்

என் கடைசி மகன் ஸ்பெயின் நாட்டில் ஒரு பெண்ணைக் கல்யாணம் முடித்து, அவளுடைய தாய் வீட்டிலேயே இருக்கிறான். அதில் எனக்குக் குறையில்லை. ஆம்பிளை கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவதுதான் எங்கள் சாய்ந்தமருது வழக்கம். பக்கத்திலுள்ள நிந்தவூருக்குப் போயிருந்தால் நினைத்த நேரம் பஸ் ஏறியிருப்பேன், அவ்வளவுதான்.

பேத்திக்கு இரண்டு வயது. நான் இன்னும் தூக்கவில்லை.

"வெக்கை, நுளம்புக் கடி எண்டு மாமி பயப்புடுறா. அவ ஓமெண்டா வருவம். நீங்களே கதைங்க உம்மா" என்றான் மகன்.

பெண்ணைப் பெற்றவள் சொல்வதுதான் வீட்டில் சட்டம். மூன்று மருமகன்மாரை வைத்திருப்பவள் நான், எனக்குத் தெரியாதா?

மகன் வீடியோ போனில் ஸ்பானிஷ் பாடம் தொடங்கினான். நான் இன்னமாதிரி ஆள் என்று சொல்ல 'சோய்' போட வேண்டுமாம். எதிரே இருப்பவளுக்கு 'எரெஸ்'. மற்ற ஆளுக்கு 'எஸ்'.

"நான் நல்லவ எண்டு சொல்ல ரெண்டு சொல்லுப் போதும். நடுவில என்னத்துக்கு மனே இந்த சோய்? மீன் பொரிக்கிற சத்தம் மாதிரி."

"அது இல்லாட்டி அவங்களுக்கு விளங்கா உம்மா."

ஆணென்றால் கடைசியில் 'ஓ', பெண்ணென்றால் 'ஆ'. நல்லவள் 'புவேனா'. குட்டையன் 'பாஹோ'. "வாப்பா எஸ் பாஹோ" என்று என் மனுசனைப் பார்த்துச் சொன்னேன். அவர் பத்திரிகையை விட்டுத் தலை நிமிரவில்லை.

ஒரு சொல்லை நானாகவே பிடித்துக்கொண்டேன். மருமகள் தன் தாயைப் பார்த்து அடிக்கடி 'லோக்கா' என்பாள். இதற்குப் படிப்பு எதற்கு? பெரிய ஆளைச் சிங்களத்தில் 'லொக்கா' என்பார்கள். நாங்களும்தான் சொல்கிறோம். வீட்டுக்குப் பெரியவள் என்று தாயை மதிக்கிறாள், நல்ல பிள்ளை.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு சம்பந்தி போனில் வந்தாள். நான் முக்காட்டைச் சரிசெய்தேன்.

"சோய் புவேனா." அவள் சிரித்தாள்.

இனிப் பட்டத்தைக் கொடுப்போம் என்று விரலை நீட்டினேன். "எரெஸ் லோக்கா!"

சிரிப்பு நின்றது. மருமகள் வாயைப் பொத்தினாள். சம்பந்தியின் அடக்கமாக்கும் என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். "ஓம், நீங்கதான்! எரெஸ் லோக்கா!"

"உம்மா! லோக்கா எண்டா விசரி, பைத்தியக்காரி!" மகன் கத்தினான்.

பேத்தி வந்தமாதிரித்தான். மன்னிப்புக் கேட்கிற சொல்லை அவன் எனக்குப் படிப்பிக்கவில்லை. அந்த நேரத்தில் அவனிடம் கேட்கவும் என் மானம் விடவில்லை. கையில் இருந்ததை எடுத்தேன். நெஞ்சில் கைவைத்து, "சோய் லோக்கா" என்றேன்.

சம்பந்தி என்னையே பார்த்தாள். பிறகு மேசையில் அடித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தாள். மகனிடம் மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"உங்களப் பாக்கோணுமாம். புள்ளையக் கூட்டிக்கிட்டுத் தானும் வாறாவாம்."

"எத்தின நாளைக்கு?"

"ஒரு மாசம்."

நான் கேட்டது பேத்தியை மட்டும்தான். ஒரே அடுப்படியில் ஒரு மாதம் இன்னொரு மாமியாரா?

"வரச் சொல்லு" என்றேன்.