மூச்சு முட்டிய மோட்டார் சைக்கிள்

நான் ஓய்வு பெற்ற வருடம். மகளுக்குச் சிதம்பரத்தில் வேலைக்கான நேர்காணல். கடலூரிலிருந்து பைக்கில் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் என்ஜின் திக்கித் திணறி நின்றது. பிளக்கைத் துடைத்தேன், கார்புரேட்டரைத் திருகினேன். முறைப்படி எல்லாம் செய்தேன். சற்று தூரம் ஓடி மறுபடியும் நின்றது.

“நேரமாவுதுப்பா! பெட்ரோல் இருக்கா?” என்று மகள் டேங்க் மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. நான் துள்ளிக் குதித்தேன். கண்டுபிடித்துவிட்டேன்! ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம் மூடியின் காற்றுத் துளையை அடைத்திருந்தது. காற்று நுழையாமல் பெட்ரோல் இறங்கவில்லை.

“பொட்டு வெக்கச் சொன்னா மூக்கையே அடைச்சிட்டீங்களேப்பா!”

புடவை ஊக்கால் அவளே துளையைக் குத்திவிட்டாள். வண்டி பறந்தது. அவள் பெயரைக் கூப்பிடும்போது வாசலில் இறக்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், நான் கும்பிட்ட இடத்தைத் தவிர.