பெருமாள் அண்ணனுக்கு வராத இன்கிரிமென்ட்

ஊருக்கெல்லாம் சம்பளம் போடுகிற கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, தன் சம்பளத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட நேரமே இருக்காது. வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் நேரம் சரியாக இருக்கும். ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்க ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மாசக் கடைசியில் பர்ஸைத் தடவிப் பார்க்கிற என் கூட்டாளிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் புலம்புவேன்?

மீனும் திருத்தமும்

சம்பளத் திருத்தம் வரப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் காலை ஆயர் ஈத்தாம் பசாரில் மீன் கிலோவுக்கு ரெண்டு வெள்ளி, அதாவது ரெண்டு ரிங்கிட், ஏறிவிட்டது. எங்கள் கைக்கு ஒரு காசு வரவில்லை, வருவதற்கு இன்னும் எத்தனை மாசமோ! "ஏன் தம்பி, அதுக்குள்ளயா?" என்று கேட்டேன். என் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் கார்டைப் பார்த்துக்கொண்டே மீன்காரத் தம்பி செதில் உரித்தான்.

"உங்களுக்கு அரசாங்கம் கொடுக்குதுக்கா. நாங்க யாருகிட்ட போய் இன்கிரிமென்ட் கேக்குறது லா?"

ஒரே பெர்சென்ட்

ஒருவழியாக சுற்றறிக்கை வந்தது. மேலதிகாரி முதல் டிரைவர் வரை எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் ஒரே பெர்சென்ட். எங்கள் டிரைவர் பெருமாள் அண்ணன் என் மேஜைக்கு வந்து, தனக்கு எவ்வளவு ஏறும், துவானுக்கு, அதான் எங்கள் மேலதிகாரிக்கு, எவ்வளவு ஏறும் என்று கேட்டார். சம்பள அட்டவணை ஊரறிந்த விஷயம்தானே, தட்டிக் காட்டினேன். அவருக்கு ஏறியதைப்போல் மூன்று மடங்கு துவானுக்கு ஏறியிருந்தது. "பெர்சென்ட் ஒண்ணுதாண்ணே" என்று நான் அசடு வழிந்தேன். மேலே இருப்பவர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான். அவர் கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார்.

"அரிசிக் கடைக்காரன் பெர்சென்ட் பாத்தாம்மா விலை சொல்றான்?"

மூன்று நாள்

அந்த வருஷம் பெருமாள் அண்ணனுக்கு அறுபது வயசு. அறுபது முடிகிற அன்றைக்கே ஓய்வு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் பென்சன் போடுவார்கள். ஃபைலைத் திறந்தேன். ஐசியில், அதாவது அடையாளக் கார்டில், பிறந்த தேதி ஜூன் இருபத்தெட்டு. அவருக்கு வருஷா வருஷம் இன்கிரிமென்ட் ஏறுவதோ ஜூலை ஒண்ணாந்தேதி. மூன்றே நாளில் போச்சு! பென்சனில் மாசம் ஐம்பது அறுபது வெள்ளிதான் குறையும். ஆனால் அது அவர் ஆயுசு முழுக்கக் குறையும், அவருக்குப் பிறகு அவர் மனைவிக்கும் குறையும். முப்பத்தைந்து வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன். துவானிடம் ஓடிப் போய், ஏதாவது வழி இருக்கிறதா என்று கெஞ்சினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. முடியாது என்பதற்கு மலாயில் ரெண்டு வார்த்தை போதும்.

"தா போலே."

ஆடிப் பிள்ளை

பெருமாள் அண்ணனிடம் நானே சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு மனுஷன் சிரிக்கிறார்! "சிரிக்காதீங்கண்ணே, எனக்கு வயிறு எரியுது" என்றேன். அப்புறம்தான் சொன்னார். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவர் பிறந்தது உண்மையில் ஆடி மாசம், அதாவது ஜூலை கடைசியில். தலைச்சன் பிள்ளை ஆடியில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அப்பாவுக்குப் பயம். எஸ்டேட் கிராணியின் கையைக் காலைப் பிடித்து, ஒரு மாசம் முன்னால் தள்ளி ஆனியில் தேதி போட வைத்துவிட்டாராம்.

உள்ளபடி எழுதியிருந்தால் அந்த ஜூலை இன்கிரிமென்ட் அவருக்குத்தான்! இப்போது மாற்றலாம் என்றால் சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? அப்பாவும் இல்லை, அந்தக் கிராணியும் இல்லை. "உங்கப்பாவை என்னன்னு சொல்றது! ஒரு தேதியை ஒழுங்கா எழுத வெச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தியே விட்டேன். அண்ணன் ஆபீஸ் வண்டியின் சாவியை என் மேஜைமேல் வைத்தார்.

"திட்டாதம்மா. குடும்பம் நல்லா இருக்கணும்னுதானே அவரு செஞ்சாரு."

சம்பளத்தைத் திருத்த ஆயிரம் பேர் கூடிப் பேசுகிற நாட்டில், ஒரு கிராணி தெரிந்தே தப்பாக எழுதிய தேதியைத் திருத்த இன்னொரு கிராணிக்கு அதிகாரம் இல்லை.