ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறதென்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆம்பூர் தோல் டேனரி ஆபீசில் இஸ்திரி கலையாத சட்டையோடு பத்துப் பேரை அதட்டிக்கொண்டிருந்தவன், பின்பக்கம் திறந்த அங்கியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் கேவலம் இல்லை என்று நினைத்தேன். தப்புக் கணக்கு.

நர்ஸ் வந்தார். எங்கள் ஆம்பூர் சபைப் பெண், ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். என் பக்கத்தில் மனைவி பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அங்கிள், குடல் இழுத்துப் பிடிக்காம இருக்க ஒரு ஊசி போடுவாங்க. அதுக்கு முன்னாடி கேக்கறேன். கண்ல பிரஷர் இருக்கா? ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம் எதுனா?"

இருந்தது. ஆபீஸ் கக்கூசில் நான் நிற்கும் நேரத்தைப் பார்த்து, "இன்னா சார், தூங்கிட்டீங்களா?" என்று கதவைத் தட்டுவார்கள். ஆனால் கோயிலில் பாடுகிற பெண்ணிடம், அதுவும் மனைவியை வைத்துக்கொண்டு, அதை எந்த வாயால் சொல்வது?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன், கேட்டதே தப்பு என்கிற குரலில்.

ஊசி தன் வேலையைச் செய்தது. குடல் சாதுவாகக் கிடந்ததாம். மூலம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் சாயங்காலம் வரை ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. அப்போதும் வாயைத் திறக்காமல் கட்டில் கம்பியைப் பிடித்து முனகினேன். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு மனைவிதான் ஓடினாள். டியூப் போட்டு எடுத்தார்கள். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டபோது, இரண்டு வருஷம் என்றேன்.

"சொல்லியிருந்தா இந்த ஊசியே போட்டிருக்க மாட்டாங்களே அங்கிள்" என்றார் நர்ஸ். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மனைவி பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சுகம் கிடைத்தவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். நான் முந்திக்கொண்டு, "வயிற்றுக் கோளாறிலிருந்து கர்த்தர் காப்பாற்றினார்" என்று சுருக்கமாக முடித்தேன். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

மனைவி எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஊசி, அடைப்பு, டியூப் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பெண்கள் பக்கமிருந்து ஒரு ஸ்தோத்திரம். கூட்டத்துக்கு வந்திருந்த அந்த நர்ஸ் தலையைக் குனிந்து பாட்டுப்புத்தகத்தைப் புரட்டினார். என் மானம் கப்பலேறிவிட்டது. பாயைச் சுருட்டி அதற்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. கூட்டம் கலையட்டும், இவளுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

அவள் உட்காரவில்லை.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க. ரெண்டு வருஷமா இவருக்கு இப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்றப்பதான் எனக்கே தெரியும். ஒரே வீட்லதான் இருக்கோம். எங்கிட்டகூட சொல்ல முடியாத அளவுக்கு நான் இன்னா பண்ணேன்னு தெரியல."

அதற்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.