பின்பாரம்

திண்டுக்கல்லில் சந்தை, பட்டறை, வெற்றிலைக் கடை என்று எங்கே போனாலும் ஒச்சம்மாளின் கண்ணில் முட்டாள்கள்தான் படுவார்கள். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப்பையும், அதன் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லரையும் விட்டுவிட்டு அவள் புருஷன் ஐம்பத்தேழாம் வருடம் கண்ணை மூடினான். அன்று முதல் அவளுக்குப் புத்தி சொல்லாத ஆம்பளை ஊரில் பாக்கியில்லை. ஒருத்தன் பேச்சையும் அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. மூளை இல்லாதவர்களுக்கு ஆண்டவன் வாயை மட்டும் பெரிதாக வைத்துவிட்டான் என்பது அவள் முடிவு.

வண்டி ஓட்டியது கொழுந்தன் சுருளிவேல். கண்ணாடியைப் பார்த்துக் கிருதாவை ஒதுக்கிவிடாமல் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டான். அவனை அவள் மனிதக் கணக்கில் சேர்த்ததே இல்லை. சோறு போடும்போதுகூடத் தட்டை அவன் பக்கம் தள்ளித்தான் விடுவாள்.

ஆத்தூர்த் தோப்புக்காரர் பெருமாள்சாமி அதுவரை மாட்டு வண்டிகளில்தான் தேங்காய் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு நடை பாப்போம் தாயி. காய் சேதமில்லாம சந்தைக்குப் போச்சுன்னா வருசம் பூரா ஒன் வண்டிதான். இல்லாட்டி எனக்கு மாடே போதும்" என்றார்.

அந்த ஒரு நடையை நம்பித்தான் ஒச்சம்மாள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ஆனால் வழியில் பாலமில்லாத குடகனாறு கிடந்தது. பாரம் ஏற்றினால் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, அடிவயிறு மணலில் தட்டும். வண்டியை உயர்த்தாமல் முடியாது.

எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் சண்டை வந்தது. அச்சின் மேல் வில்லாக வளைந்து பாரம் தாங்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் போதும் என்றாள் ஒச்சம்மாள். சுருளிவேலுக்கு லாரி உயரம் வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் செபஸ்தியான் அவனுக்கும் ஒரு படி மேலே போனார்.

"அஞ்சு வப்போம்க்கா. வண்டி ஆனை கணக்கா நிக்கும்."

"தேங்கா ஏத்தவா, சாமி ஊர்வலம் போகவா? என்னமும் செஞ்சு தொலைங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி நிமிர்ந்து நின்றது. சுருளிவேல் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு டிரெய்லரை மாட்டினார்கள். ஜீப்போடு சேர்ந்து கொக்கியும் உயர்ந்திருந்ததால், டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தது.

ஒச்சம்மாள் ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். பின்பாரம். மாட்டு வண்டியில் பின்பக்கம் கனம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். வண்டிக்காரன் உடனே முன்னால் நகர்ந்து உட்காருவான். மாட்டுக்கு நடுவிலேயே வளர்ந்த இந்த இரண்டு தடியன்களும் பெட்ரோல் வாசனை பட்டதும் அதை மறந்துவிட்டார்கள். கொக்கியை ஒரு சாண் இறக்கி வைத்தால் தீர்ந்தது.

அவள் சொல்லவில்லை. சொன்னால் சுருளிவேல் இளிப்பான். நாளைக்கே தான் கண்டுபிடித்ததாகச் சந்தையில் அளப்பான். ஆற்றில் செத்த நேரம் திணறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

மட்டை உரிக்காத காய்களை ஏற்றிக்கொண்டு, பெருமாள்சாமியையும் முன்னால் உட்காரவைத்து, ஒச்சம்மாள் பின்னால் ஏறிக்கொள்ளக் கிளம்பினார்கள். வழியெல்லாம் காய்கள் பின்னால் உருண்டுகொண்டே வந்தன. ஆற்றைக் கடந்து கரை ஏறும்போது டிரெய்லரின் மூக்கு எழும்பி, ஜீப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கியது. சக்கரம் பிடிமானமில்லாமல் மணலை வாரி இறைத்தது. வாயைத் திறக்க ஒச்சம்மாளுக்கு நேரமே கிடைக்கவில்லை. பின்பலகை முறிந்து, பாதிக் காய்கள் ஆற்றோடு போயின.

"மதினி, ஒரு எழவும் வெளங்கலையே!" என்று சுருளிவேல் அலறினான்.

அந்த அலறலைக் கேட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "பின்பாரம்டா மடப்பயலே! வண்டியத் தூக்குனா கொக்கிய எறக்க வேணாமா? நான் பட்டறையிலயே பாத்துட்டேன்!"

பெருமாள்சாமி திரும்பினார். "பட்டறையிலயே தெரியுமா, தாயி?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவன் தெரியாமச் செஞ்சுட்டான். நீ தெரிஞ்சுக்கிட்டே எங் காய ஏத்துனியா?" அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "மிச்சத்துக்கு மாட்டு வண்டி சொல்லிக்கிறேன். நீ போ."

சுருளிவேல் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை ஒச்சம்மாளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தட்டை அவன் பக்கம் தள்ளிவிடும்போதெல்லாம் அவள் அவனைப் பார்த்த அதே பார்வை அது. பிறகு அவனும் காய் பொறுக்க ஆற்றில் இறங்கினான்.