காடி ஊற்றும் நேரம்

அடுப்பில் வைக்காமல் புளிப்பிலேயே மீனைப் பதமாக்கும் கினிலாவுக்குப் பச்சை வஞ்சிரத்தில் தென்னங்கள்ளுக் காடியை ஊற்றுவது விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகுதான். முந்தினால் மீன் வெளுத்து விறைத்துவிடும். காகயான் சந்தையில் மீன் விற்கும் எங்கள் தெரு ரோசெந்தாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அன்று மகளைப் பெண் கேட்டு வருகிறார்கள். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தவள், ஜீப் சத்தம் கேட்டதும் ஊற்றிவிட்டாள். வந்தது ஐஸ்காரன்.

"கல்யாணம் உனக்கா எனக்காம்மா?" என்றாள் மகள் ஜோவெலின்.

"சும்மா இருடி. மீன்காரி வீட்டுலயே கினிலாவ் பண்ணத் தெரியலன்னு எழுந்து போயிடப்போறாங்க."

அவர்கள் வந்தபோது மீன் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒரு துண்டை வெகுநேரம் மென்றாள். ரோசெந்தா மேசைவிரிப்பின் நுனியைத் திருகினாள்.

"புளிப்பு ஏறிப்போச்சு. தேங்காப்பால் ஊத்தினா அடங்கிடும்" என்று அந்த அம்மாள் எழுந்தாள். "துருவி எங்க இருக்கு, சம்பந்தி?"